நடுவில் கை நீட்டுவது

என் மனைவி மார்கரெட் வேலை செய்வதை நான் முதன்முதலாகப் பார்த்தது, அவள் அந்த வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போக முடிவு செய்த பிறகுதான். அதற்கு முன் பல வருஷங்கள் தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் இருந்தோம். காலையில் நான் சைக்கிளில் செக்ரெட்டேரியட்டுக்குக் கிளம்புவேன். அவள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் இருந்த தமிழ்ப் பள்ளிக்குக் கிளம்புவாள். அங்கே அவள் பி.டி. டீச்சர். வெயிலில் நின்று விசில் ஊதுகிற வேலை என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. போன தவக்காலத்தில் அவள் இறந்துபோனாள். இப்போது நிறைய யோசிக்கிறேன்.

அது 1981. அடுத்த வருஷம் வரப்போகிற ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் மாலை அவள் ஆங்கிலப் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். ஜாம்பியா நாட்டுப் பெண்கள் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பயிற்சியாளர்கள் தேவை. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். டிசம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது.

"ஜாம்பியா எங்க இருக்கு?" என்றேன்.

"ஆப்பிரிக்காவுல. கடலே கிடையாதாம், சுத்தி நிலம்தானாம்."

"அங்க போய் ஊதற விசில இங்கயே ஊதறதுதானே?"

"இங்க ஊதினா எட்டாங் கிளாஸோட பாதிப் பிள்ளைங்க காணாமப் போயிடுதுங்க. 'பொண்ணு பெரியவளாயிட்டா டீச்சர், இனிமே குதிக்க அனுப்ப மாட்டோம்'னு அம்மாக்காரி வந்து நிக்கிறா. எறியறதுக்குக் கை பழகி வர்ற நேரத்துல ஆளு போயிடுது. அங்க எல்லாம் போர்டிங் ஸ்கூலாங்க. பதினெட்டு வயசு வரைக்கும் ஆடுவாங்களாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரு பொண்ணு முழுசா வளந்து ஆடினா எப்படி இருக்கும்னு நான் இன்னும் பாத்ததே இல்ல" என்றாள்.

சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை அன்று ராத்திரி படுத்த பிறகுதான் கவனித்தேன்.

மேல் வீட்டுப் பரமசிவம் என் ஆபீஸ்காரர், திருநெல்வேலிப் பக்கம். விஷயம் தெரிந்ததும் மாடிப்படியில் நிறுத்தினார். "என்ன வே அடைக்கலசாமி, வீட்டம்மா வேலைக்குப் போறாங்க, சரி. நீரு அங்க போயி என்ன செய்வீரு? சமையலா?"

"இங்கயும் அதானே சார் செய்யறேன்."

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அக்டோபரில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதில்தான் சிக்கல். சாணக்கியபுரியில் ஒரு பள்ளி மைதானத்தில், முன்பின் தெரியாத மாணவிகளுக்கு அவள் நெட்பால் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மார்கரெட்டுக்கு எறிபந்து தெரியும், கோ-கோ தெரியும், ஓட்டம், தாண்டுதல் எல்லாம் தெரியும். நெட்பாலை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது.

பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்திலிருந்து ஒரு சின்ன விதிப்புத்தகம் எடுத்துவந்தேன். இருவரும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தோம். பார்வைக்குக் கூடைப்பந்து போல இருந்தது. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் பந்து வந்ததும் நின்றுவிட வேண்டும். மூன்று விநாடிக்குள் அடுத்தவளுக்குப் போட்டுவிட வேண்டும். பந்து வைத்திருப்பவள் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. காற்றில் போகும்போது பாய்ந்து பிடிக்கலாம். கம்பத்தின் உச்சியில் வெறும் வளையம், பின்னால் பலகை கிடையாது.

"கையில கெடச்சதும் நின்னுடணுமா? அப்ப இது ஓடற ஆட்டம் இல்லியே. குடுக்கற ஆட்டம்" என்றாள். அவள் முகம் புதுத் தின்பண்டத்தை வாயில் போட்ட மாதிரி இருந்தது.

படித்தால் போதாது, ஆடிப் பார்க்க வேண்டும். பள்ளிக்குத் தசரா விடுமுறை. ஆட்கள் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் குடத்தோடு செங்கம்மாள் வந்து நின்றாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, ரயில் பாதை ஓரத்து ஜுக்கிக் குடிசையில் இருந்தவள். ரிங் ரோட்டில் மேம்பால வேலை. அவர்கள் ஜுக்கிக்குத் தண்ணி லாரி வராத நாட்களில் எங்கள் குழாயில் பிடித்துப் போவாள்.

ஆட வருகிறாயா என்று மார்கரெட் அவளையே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு ஒரு கூட்டமே வந்தது. வடிவு, வீராயி, இன்னும் பேர் தெரியாத பலர், இடுப்பில் குழந்தைகளோடு. வீராயி, அடி இற்றுப்போன சாந்துச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். தில்லியில் தசலா என்பார்கள். மிச்ச அடியையும் தட்டி எடுத்ததும் அதுவே வளையமாகிவிட்டது. பின்சந்தில் ஷாதூத் என்கிற மல்பெரி மரக்கிளையில் நான் அதைக் கம்பியால் கட்டினேன்.

மார்கரெட் அவர்களை வரிசையாக நிறுத்தி, பந்தைப் பிடி, காலை நகர்த்தாதே, இடுப்பைத் திருப்பு, அடுத்தவளுக்குப் போடு என்று சொன்னாள். வீராயி சிரித்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா இது வெளையாட்டு? வாரம் பூரா இதத்தானே செய்யறோம். சட்டிக்குப் பதிலா பந்து. கூலி உண்டா?"

"டீ உண்டு."

"ரஸ்க்கு?"

"அதும் உண்டு, போடு முதல்ல."

பந்து போயிற்று பாருங்கள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு பாதமும் பெயரவில்லை, ஒரு கையும் தவறவில்லை. வாங்குகிறவள் கை எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கே பந்து வந்து சேர்ந்தது. புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தது இதைத்தான். மார்கரெட் என் பக்கம் திரும்பிக் கண்ணை அகல விரித்தாள்.

அதன் பிறகு இரண்டு கட்சியாகப் பிரித்தாள். அங்கே எல்லாம் நின்றுபோயிற்று. ஒரு கட்சி பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. எதிர்க்கட்சி மரியாதையாக ஒதுங்கி நின்றது.

"செங்கம்மா, அவ போடறத நடுவுல பாஞ்சு புடி!"

"அது வடிவுக்குப் போட்டதுங்கம்மா."

"அதனாலதான் புடிக்கச் சொல்றேன்."

"அவளுக்குப் போட்டத நான் எதுக்குப் புடிக்கணும்? சாரத்துல நின்னுக்கிட்டு நடுவுல கை நீட்டுனா கீழ இருக்கறவ மண்ட ஒடஞ்சிடும்." செங்கம்மாள் குரலில் கொஞ்சம் கண்டிப்பே இருந்தது.

நான் புத்தகத்தைப் புரட்டி, "எதிரணியின் பந்தை இடைமறித்தல்..." என்று ஆரம்பித்தேன்.

"அத மூடி வையுங்க" என்றாள் மார்கரெட். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபமில்லை. கன்னத்தில் கை வைத்து அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செங்கம்மா, நெசமாவே கேக்கறேன். நடுவுல கை நீட்டவே மாட்டீங்களா? எங்கயுமே?" என்றாள்.

செங்கம்மாள் யோசிப்பதற்குள் வீராயி முந்திக்கொண்டாள். "ஏன் நீட்டாம? தண்ணி லாரிகிட்ட வந்து பாருங்க இவள. பைப்பையே கடிப்பா!"

"நீ மட்டும்? என் கொடத்த நசுக்குனவதானே நீ!"

எல்லோரும் ஒரே சிரிப்பு. மார்கரெட் எழுந்தாள். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "இது பந்து இல்ல. லாரி பைப்பு. ரெண்டு நாளா தண்ணி வரல. ஆடுங்க!"

விசில் சத்தம் அடங்குவதற்குள் சந்து ரெண்டுபட்டது. செங்கம்மாள் அந்தரத்தில் போன பந்தை ஒற்றைக் கையால் பறித்தாள். யாருடைய முழங்கையோ என் மூக்கில் பட்டது. மாடியிலிருந்து பரமசிவம் எட்டிப் பார்த்து, "என்ன வே, அடிதடியா?" என்றார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நெட்பால் சார்" என்றேன். வடிவு போட்ட பந்து தசலாவின் விளிம்பில் சுற்றி உள்ளே விழுந்தபோது குழந்தைகள் கைதட்டின.

பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது மார்கரெட் சொன்னாள்: "ஆட்டத்துல ரெண்டு பாதிங்க. வாங்கிக் குடுக்கறது ஒண்ணு, நடுவுல பாயறது ஒண்ணு. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு பாதி ஏற்கெனவே இருக்கு. எந்தப் பாதி இல்லன்னு கண்டுபுடிக்கணும்."

நேர்முக நாளில் அரைநாள் லீவு போட்டு நானும் போனேன். மைதான ஓரத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். தேர்வு செய்ய இருவர்: ஜாம்பியாவிலிருந்து வந்த மிஸஸ் முலெங்கா, உயரமான, பேச்சுக் குறைந்த அம்மாள், அவருக்கு உதவியாக, டை கட்டிய ஓர் இந்திய அதிகாரி. எங்களுக்கு முன் ஒருவர் வகுப்பு எடுத்தார். விதிகளை அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். மாணவிகள் தலையாட்டினார்கள். பந்தைக் கொடுத்ததும் எல்லோரும் ஒன்றாக அதன் மேல் விழுந்தார்கள். எடுத்தவள் எடுத்துக்கொண்டு ஓடினாள். கூடைப்பந்து பழகிய பிள்ளைகள்.

மார்கரெட் முறை வந்தது. அவள் பந்தை எடுத்து என் பெஞ்சுக்கடியில் உருட்டிவிட்டாள். பிறகு மைதான ஓரத்துப் பூப்பாத்திக்குப் போனாள். தில்லியில் பாத்தியைச் சுற்றிச் செங்கலைச் சாய்த்துப் பாதி புதைத்து வெள்ளையடித்திருப்பார்களே, அதில் ஒன்றை ஆட்டிப் பிடுங்கினாள்.

"அரே மேம்சாப்! கியா கர் ரஹீ ஹைன்!" என்று தோட்டக்காரர் பூவாளியோடு ஓடிவந்தார்.

"ஏக் மினட், பாய்சாப். திரும்ப நட்டுத் தர்றேன்" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் சொல்லிவிட்டு அடுத்த கல்லைப் பிடுங்கினாள். அதிகாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

மாணவிகளை நெருக்கமாக வரிசையில் நிறுத்தினாள். முதல் பெண் கையில் செங்கல்லைக் கொடுத்தாள். "உங்கள் கால் ஈரச் சிமெண்டில் நிற்கிறது," என்றாள் ஆங்கிலத்தில். "நகர்த்தினால் தரை கெட்டுவிடும். கல் கீழே விழக் கூடாது. அடுத்தவள் முகத்தைப் பார்க்காதே. கையைப் பார்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். இரண்டாம் கல், மூன்றாம் கல் வந்ததும் சிரிப்பு நின்றது. செங்கல்லோடு ஓட முடியாது. யார் தலையிலும் விட்டெறியவும் முடியாது. கொஞ்ச நேரத்தில் கற்கள் தாளம் போட்டமாதிரி வரிசையில் போய்வந்தன. மார்கரெட் நடந்துகொண்டே ஒருத்தியின் முழங்கையைத் தொட்டு இறக்கினாள், இன்னொருத்தியின் இடுப்பைத் திருப்பினாள். விசில் கழுத்திலேயே கிடந்தது. அவள் வேலை என்று நான் நினைத்திருந்த ஒன்றை அவள் செய்யவே இல்லை.

பிறகு வரிசையை அகலமாக்கி, கல்லை வாங்கிக்கொண்டு பந்தைக் கொடுத்தாள். சற்று முன் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்த அதே பிள்ளைகள். பந்து கை விட்டுக் கை போயிற்று. கால்கள் சிமெண்டில் நின்றன. பாய்வதற்கு அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாதி ஏற்கெனவே இருந்தது.

மிஸஸ் முலெங்கா முதல்முறையாகப் பேசினார். "இப்படித் தொடங்க எங்கே கற்றீர்கள்?"

நான் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டேன். ஏதாவது ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏன், விரும்பினேன் என்றே சொல்ல வேண்டும்.

"நான் இந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை, மேடம்" என்றாள் மார்கரெட். "புத்தகத்தில் படித்தேன். எங்கள் தெருப்பக்கம் மேம்பாலம் கட்டுகிற பெண்களோடு ஆடிப் பார்த்தேன். அவர்களுக்குக் கொடுக்க வந்தது, பாய வரவில்லை. இவர்களுக்குப் பாய வருகிறது, கொடுக்க வரவில்லை. அதனால் கல்லில் தொடங்கினேன்."

அதிகாரி பேனாவை மூடினார். "முன் அனுபவம் அவசியம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தோமே, மேடம்."

மிஸஸ் முலெங்கா குனிந்தார். குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் வைத்தார். வெறுங்காலோடு புல்லில் நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். பந்து வந்தது. ஒரு துள்ளலில் பிடித்து நின்றார். கால் அசையவில்லை. திரும்பி, ஒரே வீச்சில் மைதானத்துக் கம்பத்தின் வளையத்துக்குள் போட்டார். பிள்ளைகள் கத்தினார்கள்.

"எங்கள் பல பள்ளிகளில் கம்பம் கிடையாது. வளையத்துக்கு என்ன செய்வீர்கள்?"

"அடி போன சாந்துச் சட்டி, மேடம். மரம் இருக்கும் அல்லவா?"

"மரம் இருக்கிறது." செருப்பை மாட்டிக்கொண்டார். "பள்ளி ஜனவரியில் திறக்கும். அது எங்களுக்கு மழைக்காலம். ரெயின்கோட் கொண்டுவாருங்கள்."

"மேடம், இன்னும் நான்கு பேரைப் பார்க்க வேண்டும்" என்றார் அதிகாரி.

"பார்ப்போமே. எங்களிடம் பள்ளிகளும் நிறைய இருக்கின்றன."

மார்கரெட் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பூப்பாத்திக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து செங்கற்களைத் திரும்ப நட ஆரம்பித்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். தோட்டக்காரர் மேலே நின்று, "டேடா ஹை, டேடா ஹை" என்று ஒவ்வொரு கல்லும் கோணல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது டி.டி.சி. பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் பின் சீட்டை விட்டு எழுவதில்லை. காசு கைமாறிக் கைமாறிப் பின்னால் போகும், டிக்கெட் அதே வழியில் திரும்பி வரும். மார்கரெட் தொங்கிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"பாருங்க, ஒருத்தரும் கால நகத்தல."

"இதயும் அங்க சொல்லிக்குடுப்பியா?"

"அங்க பஸ்ஸுல என்ன பண்றாங்கன்னு பாக்கணும் முதல்ல."

மறுநாள் மாலை செங்கம்மாளும் வீராயியும் குடத்தோடு வந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று மார்கரெட் சொன்னாள். பந்தை அவர்களிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"வேல செஞ்சது நாங்க, பிளேன் ஏறறது நீங்களா?" என்றாள் வீராயி. சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துத் தசலாவைப் பார்த்து வீசினாள். விழவில்லை.

செங்கம்மாள் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அது நிரம்பியதும் குழாயை மூடினாள். பிறகு கேட்டாள்: "அந்த ஊர்லயும் தண்ணி லாரிதானுங்களா, டீச்சரம்மா?"

"தெரியல, செங்கம்மா" என்றாள் மார்கரெட், குடத்தை அவள் இடுப்புக்குத் தூக்கிக் கொடுத்தபடி. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."