மறுபடியும் அதே கேள்வி

மருத்துவமனையின் மேல் மாடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறையில்தான் அந்த நாடகம் நடக்கும். இனி குணமாக வழியில்லை, வலியை மட்டும்தான் குறைக்க முடியும் என்றான பிறகு, நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. டாக்டர்கள் டாக்டர்களாகவே நடிக்க வேண்டும். நோயாளியின் மனைவியாக நடிப்பதற்கு ஒரு நாடக நடிகையைக் கூப்பிட்டிருந்தார்கள். ராணியிலிருந்து வேலைக்காரி வரை அவள் கட்டாத வேஷம் இல்லை.

பேச்சு தடம் புரண்டால் வகுப்பு நடத்தும் அம்மா கை தட்டுவார். உடனே அதுவரை பேசியதெல்லாம் இல்லையென்றாகி, அதே கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்த வேலையில் நடிகைக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். வெளியே அப்படிக் கை தட்ட யார் இருக்கிறார்கள்?

அவள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "அவரை எப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்?" இதற்குப் பதில் சொல்ல அத்தனை படித்தவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது. ஒருவர் சிறுநீரகத்தைப் பற்றிப் பாடமே எடுத்தார். இன்னொருவர் பேச்சுக்குப் பேச்சு தண்ணீரை நீட்டினார். குடித்துக் குடித்து அவளுக்கு வயிறு உப்பிப்போனது. முக்கால்வாசிப் பேர், "தைரியமா இருங்க, பார்க்கலாம்" என்று நழுவினார்கள்.

அந்தப் 'பார்க்கலாம்' அவள் ஏற்கெனவே கேட்டதுதான். அவளுடைய கணவர் படுத்திருந்தபோதும், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், அதைத்தான் சொன்னார்கள். அதை நம்பி, வீட்டுக்குத் திரும்பும்போது அவர் போட்டுக்கொள்ளட்டும் என்று புதுச் செருப்பு வாங்கப் போனாள். நிறம் பிடிக்காமல் கடை கடையாக ஏறி இறங்கினாள். திரும்பி வந்தபோது படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல மனுஷன். அவளுடைய நாடகத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு உன் குரலைக் கேட்டேன் என்று சமாளிப்பார். அவர் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இல்லாமல் போனோமே என்பதுதான் இன்னும் அறுக்கிறது. அன்றைக்கு யாராவது உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அவள் அந்த அறையை விட்டு நகர்ந்தே இருக்க மாட்டாள். அப்படி ஒரு உண்மையான வார்த்தையை ஒரு தடவையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஏக்கத்தில்தான் வகுப்பு தவறாமல் வந்து உட்கார்ந்தாள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அன்று எதிரே வந்து உட்கார்ந்தவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் டாக்டர். முதலில் அவளும் 'பார்க்கலாம்' என்றாள். கைதட்டல். மறுபடி கேட்டதற்கு மருந்துப் பெயர்களாக அடுக்கினாள். அதற்கும் கைதட்டல். நடிகை இன்னொரு முறை கேட்டதும், அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அவர் இனிமே வீட்டுக்கு வர மாட்டார். அவருக்கு உயிர் பிரியுற நேரம் வந்தாச்சு. இன்னைக்குப் பொழுது தாண்டுறதே கஷ்டம். நீங்க எங்கேயும் போகாதீங்க. பக்கத்துலயே இருங்க."

இதுவரை யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை என்பதால், இதற்கு மேல் நாடகத்தில் எதுவும் எழுதிவைக்கவில்லை. நடிகை நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்; போகவில்லை. மேடையில் எத்தனையோ சாவுக்கு ஆறாக அழுதவளுக்கு இப்போது ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"பேசினா அவருக்குக் கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்னுதான் நினைக்கிறேன். பேசுங்கக்கா."

வகுப்பு நடத்தும் அம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவர் தடுக்கவில்லை. நடிகை பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கம் திரும்பி, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள். "நான் கடைக்குப் போகலங்க. இங்கேயேதான் இருக்கேன்."