இடக்கைப் பிடி

படத்தை அழித்த பிறகுதான், அதை இன்னும் கொஞ்சம் வடிவாகப் பார்த்திருக்கலாம் என்று பிரசாந்திக்குத் தோன்றியது.

தங்கை சாருஜா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த அவளுடைய போன் ஒளிர்ந்தது. அனுப்பியவன் கோபிசங்கர். சுவிஸிலிருந்து வந்து வட்டுக்கோட்டையில் தன் பெரியம்மா வீட்டில் நிற்கும் மாப்பிள்ளை. வருகிற வெள்ளிக்கிழமை சாருஜாவோடு அவனுக்கு எழுத்து, கல்யாணப் பதிவு. ஒரு கைத்துப்பாக்கியின் படம், அதன் கீழே இரண்டு வரி. ‘என்ரை பொழுதுபோக்கு. பிடி, நிறம், விசை எல்லாம் மாத்தினது. வடிவோ?’

பிரசாந்தியின் பெருவிரல் யோசிக்கவில்லை. அழித்துவிட்டது.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, போரில் இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து நீர்வேலி வீட்டுக்குத் திரும்பி வந்த முதல் கிழமை, அம்மா இராசமலர் ஆமிச் சோதனைக்குப் பயந்து அலுமாரியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தது நினைவிருக்கிறது. துவக்கோடு நின்ற மாமாவின் படம் முதலில் போனது. பிறகு துவக்கு இல்லாமல் நின்ற மாமாவின் படமும் போனது. துவக்குத் தெரிகிற படம் வீட்டில் இருக்கக்கூடாது என்பதை அதற்குப் பிறகு யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முப்பது வருடம் கழித்தும் கை முந்திக்கொள்கிறது.

ஆனால் கண்ணும் சும்மா இருக்கவில்லை. பிரசாந்தி செய்கால் நிலையத்தில் வேலை செய்கிறவள். பதினான்கு வருடமாக, கால் இழந்தவர்களின் தொடைக்கும் முழங்காலுக்கும் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அந்த அச்சுக்குக் கால் செய்கிறாள். ஒரு பொருளைப் பார்த்தால் அது எந்த உடம்புக்காகக் குடையப்பட்டது என்றுதான் முதலில் பார்ப்பாள். படத்தில் இருந்தது அப்படிக் குடையப்பட்ட மரப்பிடி. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். பெருவிரல் சாய்ந்து படுக்க ஒரு தட்டு.

சோற்றுப்பானையை இறக்கும்போது அந்தத் தட்டு திரும்பவும் நினைவுக்கு வந்தது. குழல் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பெருவிரல் தட்டு இந்தப் பக்கம், தன்னைப் பார்த்தபடி இருந்தது. அகப்பையை வைத்துவிட்டு, குழல் வலப்பக்கம் பார்க்கிற மாதிரி வெறுங்கையில் ஒரு துவக்கைப் பிடித்துப் பார்த்தாள். வலக்கையில் பிடித்தால் பெருவிரல் அந்தப் பக்கம் மறைந்துபோகிறது. இடக்கைக்கு மாற்றினாள். சரியாக வந்தது.

கோபிசங்கர் இடக்கைக்காரன் அல்ல. போன கிழமை எழுத்துக்கான படிவத்தை இந்த மேசையில்தான் நிரப்பினான். பேனையை வலக்கையில் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். பிரசாந்தி பக்கத்தில் நின்றாள்.

அப்படியென்றால் அது யாருடைய துவக்கு?

எட்டு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சித்தப்பாவின் மகள் நிரோஜாவுக்குப் பார்த்த ஜேர்மனி மாப்பிள்ளையும் சொன்னான். வீடியோவில் கதைக்கும்போது அவனுக்குப் பின்னால் குளியலறைக் கதவு திறந்திருக்கும். ஒரு குவளையில் இரண்டு பல்துலக்கிகள். பிரசாந்தி அதைப் பார்த்தாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. நிரோஜா போய் இறங்கிய வீட்டில் ஒரு பெண்ணும் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தார்கள். திரும்பி வந்த நிரோஜாவின் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு பல்துலக்கிகளும் பிரசாந்தியின் கண்முன் வந்து நிற்கும்.

“அக்கா, என்ரை போனிலை கை வைச்சனியோ?”

சாருஜா ஈரத்தலையோடு வாசலில் நின்றாள்.

“துவக்குப் படம். அழிச்சிட்டன்.”

“உனக்கென்ன விசரே? நீ அழிச்சாப்போலை? முப்பது நாளைக்கு உள்ளுக்கைதான் கிடக்கும்.” இரண்டு தட்டுத் தட்டி அதை வெளியே எடுத்தாள். “இந்தா. ஆமிக்காரன் வாறான், கொண்டுபோய் அடுப்பிலை போடு.”

பிரசாந்தி சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நினைவு பிழைக்கவில்லை. தங்கையின் இடக்கையை இழுத்து, விரல்களை மடக்கி, பெருவிரல் எங்கே வருகிறது என்று காட்டினாள். பிறகு வலக்கை. பிறகு, படிவம் நிரப்பிய பேனை.

சாருஜாவின் முகத்திலிருந்து பகிடி இறங்கியது.

“இடக்கை ஆள் ஒண்டு அந்த வீட்டிலை இருக்கெண்டு சொல்லுறியோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. பிடி சொல்லுது.”

“பிடி சொல்லுதாம். நீ கால் செய்து செய்து மனிசரையும் அச்சிலைதான் பாக்கிறாய்.” கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினாள். “ஞாயிறு வருவினம். என்னைச் சாட்டாமல் நீயே கேள். பொய்யெண்டால் வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து வைக்கமாட்டன். ஆனால் நீ நினைச்சது பிழையெண்டால், இனி என்ரை போனைத் தொடக்கூடாது.”

ஞாயிறு வரைக்கும் பிரசாந்தி தன் சந்தேகத்தை உள்ளே வைத்துப் புரட்டினாள். தங்கையின் நன்மைக்காகத்தானா இது என்று தன்னையே கேட்டாள். தனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை நொட்டை சொல்லித் தட்டிவிட்டவள் அவள். மனிதரிடம் ஓட்டை தேடுவது ஒரு பழக்கமாகிவிட்டதோ? பதிலுக்குப் பல்துலக்கிகள்தான் வந்தன.

கோபிசங்கர் தன் பெரியம்மா கமலாவதியோடு வந்தான். நீலச் சேட்டு. கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். இராசமலர் வடையும் தேத்தண்ணியும் வைத்தாள். அவன் வலக்கையால் வடையை எடுத்தான். பிரசாந்தி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இடக்கைக்காரரும் இங்கே வலக்கையால்தான் சாப்பிட வளர்க்கப்படுகிறார்கள்.

“துவக்குப் படம் பாத்தன்,” என்றாள்.

இராசமலர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “என்ன துவக்கு?”

“ஐயோ மாமி, அது அனுமதிப்பத்திரம் எடுத்து வைச்சிருக்கிறது. சுவிஸிலை ஊருக்கு ஊர் சுடுற கழகம் இருக்கு. சனிக்கிழமையிலை போய்க் கடதாசியிலை சுடுறது. அவ்வளவுதான்.”

“கடதாசி உங்களுக்கு என்ன செய்தது தம்பி?” என்றாள் இராசமலர்.

கமலாவதி சிரித்தாள். அவனும் சிரித்தான். துவக்கைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கு முதுகு நிமிர்ந்தது. வாங்கினது ஆயிரத்து நானூறு பிராங், அதற்குப் பிறகு செலவழித்தது அதைவிடக் கூட என்றான். விசையை மாற்றினான், இழுப்பு இலேசாகியது. குறி பார்க்கிற முனையை மாற்றினான். மேல்பாகத்துக்கு வெண்கல நிறம் அடித்தான்.

“நிறம் அடிச்சால் நல்லாச் சுடுமோ?” என்று இராசமலர் கேட்டாள்.

“ஒரு புள்ளியும் கூடாது மாமி. வீண்காசுதான். விசைக்குக் குடுத்த காசு பெறுமதி. நிறம் சும்மா, எடுத்துப் பாக்கேக்கை மனசுக்கு.”

பொய் சொல்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான் என்று பிரசாந்தி நினைத்தாள். உடனே, கெட்டிக்காரப் பொய்யன் இப்படித்தான் சொல்வான் என்றும் நினைத்தாள். போன மாதம் நிலையத்துக்கு வந்த ஒரு ரீச்சர், நகம் வைத்த பாதம்தான் வேண்டும் என்று மேலதிகமாகக் காசு கொடுத்துச் செய்வித்தாள். அந்த நகத்தால் ஒரு அடிகூட நன்றாக நடக்க முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் அவள் செருப்பைக் கையில் வைத்திருக்காமல் போட்டுக்கொண்டு போனாள். அழகுக்குக் கொடுக்கிற காசை வீண் என்று பிரசாந்தி சொல்லமாட்டாள். யாருக்காகக் கொடுத்தது என்பதுதான் கேள்வி.

“பிடி?” என்றாள்.

“என்ன அக்கா?”

“பிடிக்கு எவ்வளவு?”

“நானூற்றிருபது.” குரல் சிறுத்தது. “அது கைக்கு அளவெடுத்துச் செய்யிறது.”

“ஆற்றை கைக்கு?”

சாருஜா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அசையவில்லை.

“என்ரை கைக்குத்தான்.”

“அது இடக்கைப் பிடி. நீங்கள் வலக்கை. உங்கடை வீட்டிலை இடக்கை ஆர்?”

“மெய்யே பிள்ளை, என்ன கதை கதைக்கிறாய்?” கமலாவதி தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தாள். “வீடு தேடி வந்த பெடியனைப் பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய்!”

“விடுங்கோ பெரியம்மா.” அவன் காது சிவந்திருந்தது. பிரசாந்தியைப் பார்க்காமல் சாருஜாவைப் பார்த்தான். பிறகு தரையை. “கையைக் கடதாசியிலை வைச்சு, சுத்திக் கீறி அனுப்பச் சொல்லித்தான் கேப்பாங்கள். நான் கீறி அனுப்பினன்.”

“சரி?”

“பென்சிலைப் பிடிக்கிறது வலக்கை. அப்ப கடதாசியிலை வைச்சது...” இடக்கையை மேசையில் விரித்து வைத்தான். “படிவத்திலை எந்தக் கை எண்டும் கேட்டிருந்தவங்கள். கீறினது இடக்கைதானே, இடக்கை எண்டு போட்டிட்டன். பெட்டி வந்து திறந்து பாத்த பிறகுதான் விளங்கினது.”

சாருஜாதான் முதலில் வெடித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இராசமலருக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் சிரித்தாள்.

பிரசாந்தி விடவில்லை. “வலக்கையைக் கீறியிருக்கலாமே?”

“இடக்கையாலை கீறிப் பாத்தன் அக்கா. கோணல்மாணலாய் வந்தது.”

“ஆரையும் கொண்டு கீறுவிச்சிருக்கலாம்.”

“ஆரை?” என்றான் அவன்.

முறைப்பாடாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளிடம் கேட்பது போலக் கேட்டான். பிரசாந்தி மேசையில் விரிந்து கிடந்த அந்த இடக்கையைப் பார்த்தாள். ஒரு வலக்கையைச் சுற்றிப் பென்சில் ஓட அரை நிமிடம் போதும். ஓர் ஆள் வேண்டும். அந்த வீட்டில் அந்த அரை நிமிடத்துக்கு ஆள் இருக்கவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்த இரண்டாவது பல்துலக்கி அங்கே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை.

நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். முழுதாக ஆகவில்லை.

“திருப்பி அனுப்பேல்லையோ?”

“என்னெண்டு சொல்லி அனுப்புறது? வெக்கமாய்ப் போச்சு. ஆறு மாசமாய் இடக்கையாலை சுட்டுப் பழகிறன்.”

“கழகத்திலை கேக்கேல்லையோ?”

“வலத் தோளிலை நோ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். பிரசாந்திக்குச் சீவரத்தினத்தார் நினைவுக்கு வந்தார். வாழைத்தோட்டக்காரர். அவள் செய்து கொடுத்த புதுக்கால் அளவு பிசகித் தொடையில் புண் வைத்திருந்தது. மூன்று மாதம் சொல்லாமல் நடந்தார். கேட்டால், பாவம் பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்தது என்றார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருடைய மனைவி அந்த மூன்று மாதமும் காலையில் விரிப்பில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பயந்துகொண்டிருந்தாள். ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஆறு மாதம் தோள் நோவென்று சொல்கிறவனோடு இருப்பதும் அப்படித்தான் இருக்குமோ? இதை வேறு யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

சாருஜா உள்ளே போய் ஒரு கொப்பித்தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள். வடைத் தட்டை ஒதுக்கினாள்.

“வலக்கையை வையுங்கோ.”

அவன் எண்ணெய் பட்ட விரல்களைக் கைலேஞ்சியில் துடைத்து, விரித்து வைத்தான். கமலாவதி எங்கோ பார்ப்பது போல முற்றத்தைப் பார்த்தாள். பென்சில் மணிக்கட்டில் தொடங்கிப் பெருவிரலைச் சுற்றி ஏறியது.

“ஒண்டு சொல்லுறன்,” என்றாள் சாருஜா, தலை நிமிராமல். “எனக்குத் தோள் நோ எண்டு சொல்லக்கூடாது. பிழையெண்டால் பெட்டி திறந்த அண்டைக்கே சொல்லவேணும்.”

“ஓம்.”

அந்த ‘ஓம்’ எவ்வளவு கனம் என்று பிரசாந்தி நிறுத்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. தங்கை தனக்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள் என்பது மட்டும் பிடிபட்டது.

“அப்ப பிள்ளை, வெள்ளிக்கிழமைக்கு எல்லாருக்கும் சொல்லட்டோ?” இராசமலர் பிரசாந்தியின் காதருகே குனிந்து கேட்டாள். வீட்டில் எதற்கும் கடைசிச் சொல் மூத்தவளுடையதாகத்தான் இருந்து வந்தது.

பென்சில் சுட்டுவிரலைத் தாண்டி நடுவிரலில் ஏறிக்கொண்டிருந்தது.

“அவள் கீறி முடிக்கட்டும் அம்மா,” என்றாள் பிரசாந்தி. “அவளைக் கேளுங்கோ.”