ஆறு வினாடி

விசாரணை அலுவலகம் அனுப்பிய இரண்டு தாள்களையும் அவள் அச்சக மேசைமேல் அருகருகே வைத்தாள். பதினெட்டு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு: இடப்பக்கம் மூலப்பிரதி, வலப்பக்கம் அச்சுப்படி, வரிக்கு வரி விரல் வைத்துப் பிழை பிடிப்பது. இடப்பக்கத் தாள், விபத்தில் இறந்துபோன அவள் கணவர் ஓட்டிய பேருந்தின் கருவி பதிந்தது. 8.42.19, நிறுத்தக் கோட்டைத் தாண்டியது. வலப்பக்கத் தாள் சந்திப்பில் இருந்த சிக்னல் பெட்டி பதிந்தது. 8.42.25, பேருந்துப் பக்கம் சிவப்பு விழுந்தது. நடுவே ஆறு வினாடி. அப்படியானால் அவர் பச்சையில்தான் போயிருக்கிறார். குறுக்கே வந்து மோதிய ரொட்டி வண்டிக்காரர்தான் சிவப்பில் பாய்ந்திருக்கிறார். அந்த வண்டிக்காரரோ ஒரு கால் போய், ஆஸ்பத்திரியில் படுத்தபடி, தனக்குப் பச்சை என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

“காகிதமே சொல்லிடுச்சு, என் தம்பி மேல தப்பில்லன்னு. சனிக்கிழமை விசாரணை ஆபீசுக்குப் போய், ஒத்துக்கறேன்னு கையெழுத்தப் போட்டுட்டு வா. அதோட விட்டுது சனியன்” என்றாள் நாத்தனார் போனில். சொல்லிவிட்டு அழுதாள்.

மதியம் அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் கருவிப் பை. அந்தப் பகுதிச் சந்திப்புகளின் பெட்டிகளைப் பராமரிக்கும் சிக்னல்காரர். உட்காரச் சொல்லியும் நின்றே பேசினார்.

“அந்தப் பெட்டிக்கு நேரம் கன்ட்ரோல் ரூம்லேர்ந்து வயர்லெஸ்ல வரும்மா. பஸ்ஸு பச்சை கேக்கறதும் அதே ஆன்டெனாலதான் வரும். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆன்டெனா செத்துப் போச்சு. மறுநாள் மத்தியானம் மாத்தறதா இருந்துச்சு. அதுவரைக்கும் ஓடட்டும்னு காலைல நான்தான் கையால நேரம் வச்சேன்.”

“எதப் பாத்து வச்சீங்க?”

அவர் இடக்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய கைக்கடிகாரம். “டூட்டிக்கு லேட்டாகாம இருக்க ரெண்டு நிமிஷம் முன்னாடி வச்சிருப்பேன். அதக் கழிச்சுத்தான் வச்சேன். நிமிஷம் சரியா கழிச்சேன். செகண்டு முள்ள யாரும்மா பாத்தா?”

“எவ்வளவு தள்ளியிருக்கும்?”

“அஞ்சு இருக்கலாம். பதினஞ்சும் இருக்கலாம். முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா, சத்தியமா தெரியாது. மோதினதுல பெட்டி நசுங்கிப் போச்சு. பதிவ மட்டும்தான் எடுக்க முடிஞ்சுது, கடிகாரம் நின்னுருச்சு.”

“இத அங்க சொன்னீங்களா?”

“சொன்னா வேலை போயிடும். சொல்லாட்டி தூக்கம் போவுது. உங்ககிட்ட சொன்னா என்ன ஆகும்னு தெரியல. அதான் வந்தேன்.”

அவர் போன பிறகு அவள் மறுபடி தாள்களைப் பார்த்தாள். பெட்டியின் கடிகாரம் ஆறு வினாடிக்கு மேல் முன்னால் ஓடியிருந்தால், கணவர் போனது சிவப்பில். அவள் தொழிலில் இரண்டு பிரதி ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மூலமாக இருக்கும். மற்றதைத் திருத்தினால் முடிந்தது. இங்கே இரண்டு தாளும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன, ஆனால் சரிபார்க்க மூலம் என்று ஒன்று இல்லை. கணவர் அந்தச் சந்திப்பைப் பற்றிப் பெருமை பேசுவார். பேருந்து இருநூறு மீட்டருக்கு முன்பே கேட்குமாம், சிக்னல் பச்சையைக் கொஞ்சம் பிடித்து வைக்குமாம். “நான் வர்றேன்னா அது காத்துக்கிட்டு நிக்கும். உன்ன மாதிரி இல்ல” என்று சீண்டுவார். ஆன்டெனா செத்தது தெரியாமல், அன்றும் காத்து நிற்கும் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் போயிருப்பாரோ? இல்லை, வருடக்கணக்கில் ஒரு கீறல்கூட வாங்காத மனுஷன், மஞ்சளைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்திருப்பார். இரண்டையும் அவளால் நம்ப முடிந்தது. அதுதான் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் கால் இழந்தவர் குற்றவாளி. போடாவிட்டால் இறந்தவர். நாத்தனாரிடம் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சந்திப்பில் இறங்கினாள். புதுக் கம்பம், புதுப் பெட்டி, சிமெண்டு இன்னும் வெளுப்பாக இருந்தது. நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்ததும் கூட்டம் கடந்து போனது. அவளும் சாலையில் இறங்கினாள், பாதித் தூரத்தில் கால் நின்றுவிட்டது. விளக்கு மாறியது. முன்னால் வந்து நின்ற பேருந்துக்குப் பச்சை விழுந்தது. பேருந்து நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியாத ஓட்டுநர் ஒரு கையைத் தூக்கி அசைத்தார். போ என்கிறாரா, நில் என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் கையை இறக்காமல் அசைத்துக்கொண்டே இருந்தார்.