ஒரு சுவர், இரண்டு கொஷரிக் கடைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பசியில் கிடைத்தது.

ஷுப்ராப் பேட்டையில் நான் பத்தொன்பது வருடங்களாகக் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில், சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்து தரும் இரண்டு கொஷரிக் கடைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மூலைக்கடை அக்கா இன்ஷிராஹுடையது. அடுத்த கடை தம்பி ஸக்லூலுடையது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட இறங்கினேன். இன்ஷிராஹ் கையில் கரண்டி இல்லை, சுத்தியல் இருந்தது.

"சாப்பாடு கிடைக்குமா?"

"கொஞ்சம் பொறுங்க, எழுத்துக்காரரே. இந்தச் சுவரை இடிச்சுட்டு வந்துடறேன்."

இப்படி ஒரு பதில் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பெருநகரின் இரைச்சலுக்கு நடுவே இரண்டு இதயங்கள்—'

அடித்துவிட்டேன். இதயத்தை வைத்து யாரும் கொஷரி விற்பதில்லை.

பிறகு: 'அந்தப் பழைய கட்டடம் கட்டப்பட்டது—'

அதுவும் நின்றுபோனது. (கட்டடத்தின் வயது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரி நாஸ்லி அம்மாவிடம் கேட்டால், தன் வயதைத்தான் சுற்றிவளைத்துக் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறார்.)

ஆகவே சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஒன்பது வருடங்களுக்கு முன் அது ஒரே கடை. அவர்கள் அப்பாவின் கடை. அப்பா இறந்த மூன்றாம் நாள், மாடியில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள் இன்ஷிராஹ். கீழேயிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். சோற்றையும் பருப்பையும் மக்ரோனியையும் தட்டில் தள்ளும்போது கரண்டியைக் கிண்ணத்து விளிம்பில் தட்டுவார்களே, அந்தச் சத்தம்.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். ஸக்லூல் கடையைத் திறந்து பரிமாறிக்கொண்டிருந்தான்.

"அப்பா மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உனக்கு வியாபாரம் கேக்குதா?"

"பசின்னு வந்து நிக்கிறாங்க அக்கா. அப்பா இருந்தா திருப்பி அனுப்புவாரா?"

மறு மாதம் கடைக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழும்பியது. இரண்டு பலகைகளிலும் 'அசல் கடை' என்று எழுதினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் வாடிக்கையாளர் காதில் உரக்கச் சொல்வார்கள்.

"சில பேரு வெங்காயத்தைக் கருக்கிட்டு மொறுமொறுன்னு பேரு வைக்கிறாங்க!" என்பாள் இவள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்: "சில பேரு தக்காளிக் குழம்புல மீனே வளர்க்கலாம், அவ்ளோ தண்ணி!"

ஒன்பது வருடப் பகைக்கு இந்தக் காரணம் போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் சொத்துத் தகராறு ஒன்றைச் சேர்த்து, இன்ஷிராஹுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"சொத்தா? எங்கப்பாகிட்ட ரெண்டு அண்டாதான் இருந்துச்சு. அதெல்லாம் வேண்டாம். அவன் அன்னிக்கு அழல. அவ்ளோதான்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4

இந்த வருடம் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவர்கள் ஸக்லூலின் வாசல் முன்னால் ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். கடக்க ஒரு பலகை போட்டார்கள். வயிற்றை நிரப்ப வருகிறவன் உயிரைப் பணயம் வைப்பானா? கூட்டம் முழுக்க மூலைக்கு வந்தது. இன்ஷிராஹின் வாசல் பக்கத்துச் சந்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் நாள் அவள் சந்தோஷப்பட்டாள். மறைக்கவில்லை, என்னிடமே சொன்னாள். இரண்டாம் நாளும் பரவாயில்லை. ஐந்தாம் நாள் பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒன்பது வருடமும் தன் தட்டலுக்கு நடுவே அவன் தட்டலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

வரிசையில் நின்ற தையல்காரர் ஒருவர் சொன்னார்: "உன் தம்பி கடையைக் காலி பண்றானாம். புதன்கிழமைக்கு வண்டி சொல்லியாச்சாம்."

"போகட்டும்," என்றாள் இன்ஷிராஹ். அந்தத் தட்டில் கொண்டைக்கடலை போட மறந்துவிட்டாள்.

(இங்கே அவள் பலகையைக் கடந்து ஓடி, தம்பியைக் கட்டிக்கொள்வதாக எழுதியிருந்தேன். அழகாக வந்திருந்தது. "என் உடம்புக்கு அந்தப் பலகை தாங்குமா? அதுல என்னை ஏத்தி எழுதினீங்க, இனிமே உங்களுக்கு வெங்காயம் கிடையாது," என்றாள். வெங்காயம் இல்லாமல் என்னால் வாழ முடியாது.)

5

இனி நடந்ததை நடந்தபடி. நானே நின்று பார்த்தேன்.

மசாலா அலமாரியை நகர்த்தினாள். சுத்தியலை ஓங்கினாள். நாலாவது அடியில் ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது.

"யாருடா அது?"

"உங்கக்காதான். தள்ளி நில்லு, தலையில விழப்போவுது."

ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"ஆமா. இந்தப் பக்கம் முப்பது பேரு நிக்கிறாங்க, என் அண்டா காலி. தட்டு போட்டு அனுப்பு."

ஓட்டை வழியாக ஸக்லூலின் முகம் தெரிந்தது. மீசையெல்லாம் சுண்ணாம்பு. எட்டி அவள் அண்டாவைப் பார்த்தான். பாதிக்கு மேல் சோறு இருந்தது. நான் பார்த்தேன், வரிசையும் பார்த்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

"வெங்காயம் தூக்கலாவா?" என்றான் மெதுவாக.

"கருகாம இருந்தா தூக்கலா."

டக், டக், டக். தட்டு வந்தது. முப்பது பேர் பார்க்க அவளே முதல் வாய் தின்றாள்.

"உப்பு கம்மி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூசி." பிறகு, எங்களையெல்லாம் மறந்தவளாக, "அன்னிக்கு நீ அழவே இல்லையேடா," என்றாள்.

"வெங்காயம் நறுக்கினேனே அக்கா. விடிஞ்சதுலேர்ந்து மதியம் வரைக்கும் ஒரு மூட்டை. மாடியில அத்தனை சனம் இருந்துச்சு. நான் வேற எங்க போயி அழுறது?"

இன்ஷிராஹ் கையைச் சுவருக்குள் விட்டு, அவன் மீசைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

அப்போது நாஸ்லி அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "யாரு என் கட்டடத்தை இடிக்கிறது?"

"கட்டடத்தை இல்லம்மா, சுவரை."

"கட்டும்போதும் என்னைக் கேக்கல, இடிக்கும்போதும் கேக்கல. வாடகைக்கு இருக்கிறது நான்தான் போல!" ஓட்டையை ஒருமுறை பார்த்தார். "சரி, எனக்கு ஒரு தட்டு. பாதி அங்கேருந்து, பாதி இங்கேருந்து."

வரிசையில் ஒரு பெண் குலவை போட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். பள்ளத்தில் வேலை செய்தவர்கள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து மேலே ஏறி வந்து கைதட்டினார்கள். அவர்களுக்கும் தட்டு போயிற்று. மறுநாள் வந்த வண்டியில் உடைந்த செங்கல்தான் ஏறியது.

6

இங்கேயே முடித்திருக்கலாம். அக்காவும் தம்பியும் விடமாட்டேன் என்கிறார்கள்.

பள்ளம் மூடியாயிற்று. இன்று கொத்தனார் வந்திருக்கிறார். ஓட்டைக்குக் கதவு வைத்த ஜன்னல் போதும் என்கிறாள் இன்ஷிராஹ். "சண்டை வந்தா சாத்திக்க வேணாமா?" முழுச் சுவரையும் தள்ளு என்கிறான் ஸக்லூல். "சண்டை வந்தா முகத்தைப் பாத்துப் போடணும். சாத்திக்கிட்டா என்ன சண்டை?" காலையிலிருந்து இதே வாக்குவாதம், ஒன்பது வருட பாக்கியைப் பேசித் தீர்ப்பவர்கள் போல. இருவர் முகத்திலும் சிரிப்பு.

இரண்டு முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். ஜன்னல் முடிவு சாமர்த்தியமாக இருக்கிறது, மற்றது—

கொத்தனார் குறுக்கிட்டார்: "எது வரைக்கும் இடிக்கட்டும்?"

அக்காவும் தம்பியும் என் பக்கம் திரும்பினார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், மதியக் கூட்டம் வந்துவிடும்.