ரெக்ஸ் ஆல்ட்ரிட்ஜ் தலையசைத்தது

1987 செப்டம்பர் 18, வெள்ளி. நேற்றைய நாட்குறிப்பில் ஒரு பிழை செய்துவிட்டேன். செத்துப்போன இசைக்குழு பக்கத்து வீட்டு வில்ஃப் கார்சைடின் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அவருக்காகக் காத்திருந்தது இரண்டு நாள் என்று எழுதியிருந்தேன். மூன்று நாள்.

ஞாயிறு மாலை கிளாரினெட் கலைஞர் ரெக்ஸ் ஆல்ட்ரிட்ஜுக்கு அஞ்சலியாகப் பழைய படச்சுருள்களை ஒளிபரப்பினார்கள். எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊரே பார்த்தது. அந்தக் குழுவில் பதினோரு வருடம் டிராம்போன் என்ற பித்தளைக் குழலை வாசித்த வில்ஃப், படத்தில் ஒரு முழங்கையாக மட்டும் வந்தார். ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் அடுத்தவருக்குத் தலையசைத்து முறையை விட்டுக்கொடுப்பது வழக்கம். ரெக்ஸ் வில்ஃபுக்கு ஒருநாளும் தலையசைத்ததில்லை. வில்ஃபின் முறை வரும்போதெல்லாம் தானே இன்னொரு சுற்று வாசித்துவிடுவார். பிறகு இசையை விட்டுக் கம்பள ஆலைக்குப் போன வில்ஃப், ரெக்ஸின் இசைத்தட்டுகள் இருக்கும் கடைப்பக்கமே போகாமல் இருபத்தெட்டு வருடம் சுற்றுவழியில் நடந்தார். செத்த பிறகும் அவனுக்கு ஒரு மணி நேரமா என்று ஞாயிறன்றும் பொருமினார்.

அப்போதுதான் படத்துக்குள் ரெக்ஸ் வாசிப்பை நிறுத்தி, வீட்டில் வில்ஃப் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தார். மற்ற வீடுகளில் செய்தி தொடங்கியது. இந்த வீட்டில் டிரம்ஸ்காரர் மட்டும் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தரையைச் சுத்தம் செய்ய மனைவி நோரீன் தொலைக்காட்சியின் மின்செருகியைப் பிடுங்கியபோதும் தாளம் நிற்கவில்லை.

"காத்திருக்கட்டும். நான் பதினோரு வருஷம் காத்திருந்தேன்," என்றார் வில்ஃப்.

புதன் மாலை தேநீரை வைத்துவிட்டு நோரீன் சொன்னாள்: "வாசிக்க மறந்துபோச்சுன்னு சொல்லித் தொலையேன்யா. அவன் பாட்டுக்குப் போகட்டும். பாவம், அந்த டிரம்ஸ்காரனுக்குக் கை வலிக்காதா?"

வில்ஃப் மாடிப்படிக்கு அடியிலிருந்து டிராம்போனை எடுத்தார். முதல் இரண்டு சுரம் பிசகியது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். மீதியை எழுத எனக்குச் சொல் போதாது. முடித்ததும் படத்தில் இருந்த கூட்டம் எழுந்து கைதட்டியது. அது ஓய்ந்தால்தான் ரெக்ஸ் தன் வாசிப்பைத் தொடர முடியும். இன்று மாலை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன், ஓயவில்லை. கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, முறைக்காகக் காத்திருந்த வில்ஃபின் பழைய முகத்தோடு ரெக்ஸ் உட்கார்ந்திருக்கிறார். வில்ஃப் அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிடுகிறார். சத்தம் அதிகமாக இருப்பதால் நோரீன் சமையலறைக் கதவை மூடி வைத்திருக்கிறாள்.

நாளை: கைதட்டல் நின்றதா என்று பார்க்க வேண்டும். வரும்போது பால் வாங்கி வரச் சொன்னாள் நோரீன்.