ஆளுக்கொரு துளி குரல்

இலக்கிய ஆய்வாளராக இருந்த அவளுடைய குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. பத்தொன்பது வருடங்களில் மாணவர்கள் ஆளுக்கொரு துளியாகக் கொண்டுபோனார்கள். யாரும் திருடவில்லை. காலையில் அவள் இரங்கற்பாக்களை ஆராய்ந்தாள். மதியத்துக்கு மேல், நூலகத்தை ஒட்டிய ஜன்னலில்லாத அறையில், கட்டுரை எழுதத் திணறும் மாணவர்களுக்கு உதவினாள். சிவப்பு மையைத் தொடமாட்டாள். அவர்கள் எழுதியதை அவர்களுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுவாள். எங்கே இடறுகிறது என்று காதே சொல்லிவிடும். பிழை புரிந்த மாணவன் அசடு வழியச் சிரித்துக்கொண்டு எழுந்து போவான், அவள் குரலில் ஒரு துளியும் கூடவே போகும்.

முதலில் உரத்த பேச்சு போனது. துறைத்தலைவர் ஒரு மைக் வாங்கிக் கொடுத்துக் கை கழுவிக்கொண்டார். மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். இதற்குள் பழைய மாணவர்கள் வேலை பார்த்த வங்கியிலும் மருந்துக் கடையிலும் அவள் குரல் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் அவளே தாமதத்துக்கு வருந்தினாள்.

வீட்டில் கண் பார்வை போன அப்பா இருந்தார். இரங்கற்பா ஆய்வு அம்மா இறந்த வருடம் தொடங்கியது. அதை வைத்து எழுதிவந்த புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அம்மாவுக்காக. "முடிச்சதும் மொதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டணும், பாப்பா," என்று அப்பா வாக்கு வாங்கியிருந்தார். மதிய வேலையை விட்டிருக்கலாம். ஆனால் அறை வாசல் பெஞ்சு காலியானதே இல்லை. இந்தப் பருவம் மட்டும், இந்தப் பருவம் மட்டும் என்று தள்ளிப்போட்டாள். பாவம், அவளுக்கு அங்கேதான் கணக்குத் தப்பியது.

புத்தகம் முடிந்த அன்று கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "புது நர்ஸாம்மா? எம் பொண்ணு எப்ப வருவா?" என்றார். அவள் சமையலறைக்குப் போய் அழுதாள். அதற்கும் சத்தம் இல்லை.

பழைய வருகைப் பதிவேட்டில், நான்கு வருடத்தில் நூற்றுப்பதினேழு தடவை வந்திருந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினாள். இப்போது தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். கடிதம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்று, "ஐயா" என்று கூப்பிட்டாள்.

"வந்துட்டியா பாப்பா? ஏன் இத்தனை நாளு?"

தபால் நிலையப் பெண் திரும்பிப் பார்த்தாள். மகள் தலையசைத்தாள்.

"வேலை ஜாஸ்திப்பா," என்றாள் வந்தவள்.

பதினோரு ஞாயிறுகள் வாசிப்பு நடந்தது. அம்மாவின் அத்தியாயத்தில் அப்பா விசும்பி விசும்பி அழுது, வாசித்தவளின் தலையைத் தடவிக் கொடுத்தார். மகள் தேநீரோடு வந்து நின்றாள்.

"இந்த நர்ஸம்மா ரொம்ப நல்லவங்க," என்று அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். "வாயே பேசுறதில்ல, பாவம். அவங்களுக்கும் ஒருவாட்டி படிச்சுக் காட்டேன்."

தபால் நிலையப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தாள். மகள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.