சம்பந்திகளின் முழங்கால்கள்

பையனின் அம்மா தையல்காரி. பெண்ணின் அம்மா பள்ளியில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பேசிய அன்றைக்கே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டீச்சர் எதையும் நிமிர்ந்து நின்றுதான் பேசுவார். அந்த நிமிர்வைத் தையல்காரம்மா திமிர் என்று எடுத்துக்கொண்டார். தையல்காரம்மா யாரைப் பார்த்தாலும் தோளிலிருந்து இடுப்புவரை கண்ணாலேயே அளவெடுப்பார், தொழில் பழக்கம். டீச்சரோ, "என்னை ஏற இறங்கப் பாக்குறாங்கடி" என்று மகளிடம் புகார் சொன்னார்.

சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சீக்கிரம் தீர்ந்திருக்கும். மரியாதையாகப் பேசியே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே இருவருக்கும் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலமெல்லாம் மிஷின் பெடலை மிதித்த தையல்காரம்மாவுக்குக் காலையில் எழுந்தால் கால் மடங்க மறுத்தது. சிமெண்டுத் தரையில் பிள்ளைகளோடு குதித்தே சர்வீஸை முடித்த டீச்சருக்கோ, உட்கார்ந்து எழும்போதெல்லாம் சுள்ளி ஒடிவதுபோல 'மடக்' என்று சத்தம். இதை மற்றவரிடம் ஒப்புக்கொள்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருவருமே நினைத்தார்கள்.

அப்போதுதான் பிள்ளைகள் புது சோபா வாங்கினார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும், உட்கார்ந்தவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். அதைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அம்மாக்களும் அதில் அருகருகே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் வினை புரிந்தது.

"அம்மா, சாப்பிட வாங்க. அத்தை, நீங்களும்" என்று பெண் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"நீங்க முதல்ல போங்க சம்பந்தி" என்றார் தையல்காரம்மா.

"நீங்க மூத்தவங்க. நீங்க எழுந்திரிங்க."

"நான் உங்களைவிடச் சின்னவதான். ஓடுறது, குதிக்கிறதெல்லாம் உங்களுக்குத்தானே பழக்கம்."

"எனக்குப் பசியில்லைங்க. இந்த சோபா நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு. எழுந்திரிக்கவே மனசு வரல."

மனசு வந்தாலும் கால் வராது என்பதை இருவரும் சொல்லவில்லை. கடைசியில் பையன் தட்டுகளை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டு முடித்து, பேச விஷயமில்லாமல் சோபாத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா அதன் தையலைக் குறை சொன்னார். டீச்சர் அதன் சாய்மானத்தைக் குறை சொன்னார். சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் கையை ஊன்றி எழுந்தார்கள். சத்தத்துக்குச் சத்தம் சரியாகப் போயிற்று.

அந்த வாரமே தையல்காரம்மா ஒருவருக்கும் சொல்லாமல் ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போனார். வைத்தியர் இளம் பெண், சிரிக்காமல் பேசுகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முழங்காலைத் தொட்டு வீக்கம் உண்டா, சூடு உண்டா என்று பார்த்தார். மடக்கி நீட்டச் சொன்னார்.

"உங்களுக்கு வாதம் அதிகம்."

"நான் யார்கூடயும் வாதம் பண்றதே இல்லீங்களே."

"அந்த வாதம் இல்லம்மா. உடம்புல இருக்கிற வாயு. வயசாக ஆக வறட்சியும் குளிர்ச்சியும் கூடி மூட்டுல உக்காந்துக்கும்னு எங்க சாஸ்திரம் சொல்லுது. உங்க மிஷின் காய்ஞ்சுபோனா என்ன பண்ணுவீங்க?"

"எண்ணெய் விடுவேன்."

"இங்கயும் அதேதான். ஆனா எண்ணெய் மட்டும் போதாது. வலிக்காத அளவுக்கு தினம் நடக்கணும். மின்விசிறிக்கு நேரா காலை நீட்டிப் படுக்காதீங்க. ஆறிப்போனதைச் சாப்பிடாதீங்க. தேஞ்சதைத் திருப்பிக் கொண்டாந்துருவேன்னு நான் சொல்லல. விறைப்பு குறையும், அவ்வளவுதான்."

வைத்தியம் வேடிக்கையாக இருந்தது. கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்து, பிசைந்த உளுந்து மாவால் முழங்காலைச் சுற்றிக் கரை கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான மூலிகை எண்ணெயை ஊற்றி நிறுத்தினார்கள். முழங்கால்மேல் ஒரு குட்டிக் குளம். எண்ணெய் ஊற்றும் பெண், "அரைமணி நேரம் அசையக் கூடாது, கரை உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்தில் ஒரு திரை. அதற்கு அந்தப் பக்கம் வேறு யாரோ படுத்திருப்பது பெருமூச்சில் தெரிந்தது.

தையல்காரம்மாவின் தலைமாட்டில் இருந்த போன் அடித்தது. மருமகள்.

"அத்தை, எங்க இருக்கீங்க? தையல் கடை பூட்டியிருக்கே."

"துணி எடுக்க வந்தேன்மா. ரகம் ரகமா எடுத்துப் போட்டுக் காட்டிட்டு இருக்காங்க. அப்புறம் பேசுறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு சட்டென்று நின்றது. தையல்காரம்மா அதைக் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் அங்கே ஒரு விசில் சத்தம். மைதானத்தில் ஊதுகிற விசில். அதை ரிங்டோனாக வைத்திருக்கும் ஆள் உலகத்தில் ஒருவர்தான் என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியும். விசில் விடாமல் அடித்தது. வேறு வழியில்லாமல் எடுத்து, ரகசியமாகப் பேசிய குரலும் கேட்டது.

"மைதானத்துல இருக்கேன்டி. இப்பதான் ஓடி முடிச்சேன்."

சொன்னதோடு நிறுத்தவில்லை. நம்ப வேண்டுமே என்று புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியும் காட்டினார்.

தையல்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். வயிறு குலுங்கியது. முழங்காலில் எண்ணெய் அலையடித்தது. முடிந்தவரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"ரொம்ப ஓடாதீங்க சம்பந்தி, மூச்சு வாங்குது."

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது சட்டென்று நின்றது. பிறகு நிதானமாகப் பதில் வந்தது.

"நீங்க துணி எடுத்து முடிச்சிட்டீங்களா?"

அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடிக்க, அந்தப் பக்கமும் வெடித்தது. கரைகள் உடைந்தன. எண்ணெய் காலோடு வழிந்து, கட்டிலில் ஓடி, தரையில் சொட்டியது. எண்ணெய் ஊற்றும் பெண் துணியோடு ஓடிவந்தாள். பின்னாலேயே வந்த வைத்தியர் திரையை ஒரே இழுப்பில் விலக்கினார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வழியப் படுத்துக் கிடந்தார்கள்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"சம்பந்திங்க" என்றார் டீச்சர்.

"அப்ப ஏன் தனித்தனியா வர்றீங்க?"

இருவரும் காலில் வழிந்த எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார்கள். வைத்தியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு வாதம்கூடப் பெரிசில்ல. பிடிவாதம்தான். அதுக்கு என்கிட்ட எண்ணெய் கிடையாது."

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே வந்தார்கள். திரையைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலை அசைக்கக் கூடாது. வாயை அசைக்கத் தடையில்லை. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"அன்னிக்கு என்னை அப்படிப் பாத்தீங்களே, எதுக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"உங்க ஜாக்கெட் தோள்ல தொங்குச்சு. சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்ல. எல்லாப் போட்டோலயும் தொங்கிக்கிட்டே நிக்கிறேன்."

மறுவாரமே ஜாக்கெட்டின் தோள் பிடித்துத் தைத்துக் கொடுக்கப்பட்டது.

விறைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது தையல்காரம்மா சுவரைப் பிடிப்பதை நிறுத்தினார். டீச்சரின் 'மடக்' மட்டும் போகவில்லை. வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம் என்று வைத்தியர் சொன்னதும், அவர் அதை ஒரு சான்றிதழ்போல எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் கவலை பிடித்தது.

"எங்கம்மா உங்கம்மாவைப் பத்திக் குறையே சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள் பெண். "பெரிசா ஏதோ நடந்திருக்கு."

"எங்கம்மாவும்தான். பேச்சுவார்த்தையே இல்லபோல."

சமாதானம் பேசக் கிளம்பியவர்கள், பூங்காவைத் தாண்டும்போது பார்த்தார்கள். இரண்டு அம்மாக்களும் மரத்தடி பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நெருங்கும்போதே தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

"என்னம்மா இது வாசனை?" என்றாள் பெண்.

"உங்கத்தைக்கு முட்டிவலி. துணைக்கு வந்தேன்" என்றார் டீச்சர்.

"எனக்கா? உங்கம்மாவுக்குத்தான்மா. துணைக்கு வந்தது நான்" என்றார் தையல்காரம்மா.

பையன் இருவரையும் பார்த்தான். "அப்ப ரெண்டு பேரும் துணை. வலி யாருக்கு?"

"உனக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார் அவன் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போய் உலை வைங்க. நாங்க பேசி முடிச்சிட்டு வர்றோம்."

பிள்ளைகள் நடந்தார்கள். பூங்கா வாசலருகே பெண் திரும்பிப் பார்த்தாள். அத்தை இரண்டு கைகளையும் விரித்து எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தார். அம்மா பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.